இரவல் பழக்கம்

கப்பல் தூத்துக்குடியில் வந்து நின்ற ஒரு மணி நேரத்துக்குள் டெல்பினுக்குத் தன் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியாமல் போயிற்று.

பெயர் தெரியும். நாற்பது வயதைத் தாண்டியாயிற்று என்பது தெரியும். ஜெபம் முழுதாகச் சொல்ல வரும், கணக்குப் போட வரும். கண்ணாடியில் பார்த்தால் முகம் தன்னுடையதுதான் என்பதும் தெரியும். மணிக்கட்டில் கட்டிவிட்டிருந்த பட்டையில் 'டெல்பின், சிப்பிக்காரத் தெரு, பதினேழாம் எண், கணவர் பெயர் இன்னாசி' என்று அச்சடித்திருந்தது. வாசித்தால் யாரோ ஒருத்தியின் விலாசம் மாதிரி இருந்தது. அந்த இன்னாசி குட்டையா நெட்டையா, கோபக்காரரா சாதுவா, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

இது நோய் அல்ல. பழகுமாற்றி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த எவருக்கும் இப்படித்தான் ஆகும். பக்கத்து நாற்காலியில் கப்பலில் வந்தவர் ஒருவர் உட்காருவார். இருவர் தலையிலும் கிண்ணத்தைக் கவிழ்த்து, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டுவார்கள். கொஞ்ச நேரம் முனகல் கேட்கும். அவ்வளவுதான். ஒரு தெருவோடும் வீட்டோடும் இத்தனை வருடம் உண்டான பழக்கம் முழுவதும் இவர் தலையிலிருந்து அவர் தலைக்குப் போய்விடும். எந்தப் படி ஆடும், எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டில் எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, எல்லாம் போய்விடும். சொந்த முகத்தை மட்டும் விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் கப்பலில் வந்தவர் கண்ணாடியைப் பார்த்து அலறிவிடுவார்.

பழக்கத்தை நகல் எடுக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார்கள். முடியவில்லை. அது செருப்பு மாதிரி. ஒருவர் போட்டுக்கொண்டு கிளம்பினால் மற்றவர் வெறுங்காலோடு நிற்க வேண்டியதுதான்.

உல்லாசக் கப்பல் பயணிகளுக்கு ஊர் பார்த்து அலுத்துப்போயிருந்தது. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் நினைவுப் பரிசாக அதே சாவிக்கொத்து, அதே தொப்பி, அதே வழிகாட்டிப் பெண்ணின் அதே சிரிப்பு. ஒரு தெருவில் அந்நியராக நடப்பதில் என்ன சுகம், அந்தத் தெருக்காரராகவே நடந்து பார்த்தால் அல்லவா சுகம் என்று யாருக்கோ தோன்றியது. அந்தப் புண்ணியவான் எங்கேயோ மிக நன்றாக இருக்கிறான். அவனுக்குச் சிப்பிக்காரத் தெருவில் வீடு கிடையாது.

தெருவுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டுப் பயணிகளுக்கு மாளிகை கட்டுவதாக இருந்தார்கள். தெரு நிற்க வேண்டுமானால் கப்பல் நாளில் வீட்டுக்கு ஒருவர் பழக்கத்தை இரவல் தர வேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று. வீட்டில் மிஞ்சியிருப்பவர்கள், வந்தவரை விருந்தாளியாக அல்ல, தந்தவராகவே நடத்த வேண்டும். அதே பெயர், அதே முறை, அதே அதட்டல். இது நடிப்பு என்று வந்தவருக்குச் சந்தேகம் தட்டினால் அந்த வீட்டுக்கு ஆபத்து. பதினேழாம் எண் வீட்டிலிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் டெல்பின்தான் போனாள். இன்னாசிக்கு ரத்தக்கொதிப்பு, அந்தக் கிண்ணம் ஒத்துக்கொள்ளாது என்று இன்னாசி சொல்லியிருந்தார்.

பழக்கத்தைத் தந்தவர்கள் மாலைவரை துறைமுகத்துக்குள் இருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மோர் கொடுப்பார்கள், கேரம் பலகை உண்டு. ஆனாலும் கூடத்தில் பேச்சுக் குறைவு. அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் ஒருவரையொருவர் ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்களைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். டெல்பினுக்குப் பக்கத்தில் இருந்தவளின் பட்டையில் 'ஸ்டெல்லா, சிப்பிக்காரத் தெரு, பதினாறாம் எண்' என்றிருந்தது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. "நல்லா இருக்கியளா?" என்று டெல்பின் கேட்டாள். "இருக்கேன். நீங்க எந்த ஊரு?" என்று ஸ்டெல்லா திருப்பிக் கேட்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஆளுக்கொரு பக்கம் திரும்பி மோரைக் குடித்தார்கள்.

வெளியே போகக் கூடாது என்பது விதி. சொந்தத் தெருவிலேயே தொலைந்துபோவார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் டெல்பினுக்குள் ஓர் ஆசை அரித்தது. தான் எப்படிப்பட்ட வீட்டில், எப்படிப்பட்ட மனிதரோடு வாழ்கிறோம் என்று வெளி ஆளாகப் போய் எட்டிப் பார்க்கிற வாய்ப்பு உலகத்தில் யாருக்குக் கிடைக்கும்? பெண் கேட்டு வருகிறவர்கள் முன்கூட்டியே தெரு முனையில் விசாரிப்பார்களே, அந்த மாதிரி தன் வாழ்க்கையைப் பற்றித் தானே விசாரித்துப் பார்த்தால் என்ன? காவலாளி கைப்பேசியில் முகம் புதைத்திருந்தார். டெல்பின் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.

துறைமுக வாசலைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. உப்பு ஏற்றிய லாரி ஒன்று போயிற்று. இடதா வலதா என்று தெரியவில்லை. கருவாட்டு வாடை வருகிற பக்கம் வீடுகள் இருக்கும் என்று கணக்குப் போட்டு நடந்தாள். வாடை குடலைப் புரட்டியது. பிறந்ததிலிருந்து இதைத்தான் முகர்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது ஆச்சரியமாக இருந்தது.

தெருக்கள் குறுகலாக, ஒன்றுக்குள் ஒன்று திரும்பின. மஞ்சளும் நீலமுமாகச் சுவர்கள். ஒரு வீட்டு மாடியில் படகின் உடைந்த சுக்கான் காய்ந்துகொண்டிருந்தது. ரொட்டிக் கடையில் மக்ரூன் வேகும் வாசனை வந்து கருவாட்டு வாடையோடு சண்டை போட்டது. 'நல்ல ஊராத்தான் இருக்கு' என்று டெல்பின் நினைத்தாள். கூடவே சாக்கடை மூடியில்லாமல் கிடப்பதையும் பார்த்தாள். வீடுகளின் கீழ்ச்சுவர் உப்பரித்து உதிர்வதைப் பார்த்தாள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைக்கையில் வலி தாங்காமல் முகத்தைச் சுளித்ததையும் பார்த்தாள். பழகின கண்ணுக்கு இதெல்லாம் தட்டுப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

எங்கு பார்த்தாலும் மணிக்கட்டில் நீலப் பட்டை கட்டிய கப்பல் பயணிகள். அரைக்கால் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் வாசல்படியில் குந்தியபடி நாயைப் பெயர் சொல்லித் திட்டினார். நாயும் வாலை ஆட்டியது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் குழாயடியில் கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினாள். தண்ணீர் வந்தது. அத்தனை பேர் முகத்திலும் வீட்டுக்கு வந்துசேர்ந்த நிம்மதி. அந்தத் தெருவிலேயே ஆக அந்நியமானவள் டெல்பின்தான்.

ஒரு திருப்பத்தில் நீலப் பட்டை கட்டிய இளைஞன் ஒருவன் எதிரே வந்தான். இவளைப் பார்த்ததும் சட்டென்று நின்றான்.

"அக்கா! டெல்பின் அக்காதானே?"

"ஆமா. நீங்க யாரு?"

"நான் சென்னைக்கா. பதினாறாம் நம்பர் வீட்டு அக்காவோட பழக்கம் இப்ப எங்கிட்ட இருக்கு. அதான் உங்கள அடையாளம் தெரியுது." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு நிலைக்கவில்லை. "உங்கள பாத்தா பாவமா இருக்குக்கா. ஏன்னு தெர்ல. நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி பண்ணுது. வீட்டுக்கா போறீங்க? இன்னைக்குப் போகாதீங்களேன்."

"ஏன் போகக் கூடாது?"

"எனக்கே தெர்லக்கா. சொல்லணும்னு தோணுச்சு."

முன்பின் தெரியாதவன் முகத்தில் டெல்பின் பார்த்தது ஸ்டெல்லாவின் இரக்கம். இரவல் பழக்கத்தில் மரியாதைக்கு மறைத்துவைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. ஸ்டெல்லா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டாத ஒன்றை இந்தப் பையன் நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டான். "வீடு எது?" என்று மட்டும் கேட்டாள். அவன் கை நீட்டிக் காட்டினான். பச்சைக் கதவு, திறந்து கிடந்தது.

வாசலுக்கு வெளியிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. டெல்பின் கொடிக்கம்பியில் தொங்கிய துணிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று உள்ளே பார்த்தாள். தரையில் பாய் விரித்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சவரம் செய்த முகம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தார். எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க, குட்டையாக முடி வெட்டிய பெண் ஒருத்தி கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் நீலப் பட்டை.

"டெல்பினு, நீயும் சாப்பிடேன்டி. ஆறிப்போவுதுல்லா?" என்றார் அவர்.

"நீங்க சாப்பிடுங்க. இந்தக் கொழம்பு உங்களுக்குப் புளி கொறச்சலா வேணும், எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் அவள் கோயம்புத்தூர்ப் பேச்சில்.

"ஓங் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

அவர் தன் தட்டிலிருந்து முள் எடுத்த மீன் துண்டு ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தார். எத்தனையோ நாள் பழகினவர் செய்கிற காரியம்தான், ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் கவனத்தோடு செய்தார். டெல்பினுக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு நல்ல மனிதர், எவ்வளவு நல்ல குடும்பம் என்பதுதான். அதற்குப் பிறகுதான் இது தன் குடும்பம் என்பது உறைத்தது. இந்தச் சட்டையும் இந்தச் சிரிப்பும் தினமும் தனக்குக் கிடைப்பதுதானா என்று யோசித்தாள். ஞாபகத்தில் தேடினால் ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்டெல்லாவின் இரக்கம் அதற்குப் பதில் சொல்லியாயிற்று.

அவள் நிழல் வாசலில் விழுந்தது. இன்னாசி நிமிர்ந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சோற்றுக் கை பாதியில் நின்றது.

"யாருங்க அது?" என்றாள் கப்பல்காரி.

டெல்பின் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த மனிதர் இப்போது வாயைத் திறந்து சொல்லப்போகிற ஒரு வார்த்தையில்தான் தன் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது இருக்கிறது. வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. விதி இருக்கிறது, வீடு இடிபடும், எல்லாம் தெரியும். ஆனாலும் கண்ணால் ஏதாவது சொல்லலாமே. எழுந்து வாசல்வரை வரலாமே.

இன்னாசி இடது கையால் பின்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"வழி தெரியாம வந்துட்டாவ போலருக்கு. துறைமுகத்துக்குப் போவணுமாயிருக்கும்" என்றார். பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கப்பல்காரி எழுந்து வாசலுக்கு வந்தாள். டெல்பினை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "இந்தச் சந்துக்குள்ள போயி, ஐஸ் கம்பெனிச் சுவத்த ஒட்டியே நடங்க. சுருக்கு வழிங்க. வெயில் படாது" என்றாள். அது டெல்பினுடைய வழி. இத்தனை வருடம் நடந்து நடந்து அவளே கண்டுபிடித்தது. அவள் அந்த வழியாகவே அழுதுகொண்டு போனாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது அழுகை நின்று கோபம் வந்திருந்தது. நல்ல, சுத்தமான கோபம். கேட்டுவிட வேண்டும். எனக்கு ஒருநாளும் எடுத்து வைத்திருக்க மாட்டாத மீன் துண்டை அவளுக்கு ஏன் வைத்தீர் என்று கேட்க வேண்டும். கப்பல் இல்லாத நாளில் அந்தச் சட்டை எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ரத்தக்கொதிப்பு என்று கூடத்துப் பதிவேட்டில் எழுதவைத்திருக்கிறீரே, அது உமக்கு இருக்கிறதா இல்லையா என்று கேட்க வேண்டும்.

மாலையில் பயணிகள் பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வரிசையாக வந்தார்கள். குட்டை முடிக்காரி டெல்பினைப் பார்த்ததும் வரிசையை விட்டு விலகி நேராக அவளிடம் வந்தாள்.

"எம் பேரு கோகிலவாணிங்க. வாசல்ல நின்னது நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படித் தெரியும்? எம் மொகந்தான் ஒங்களுக்கு வராதே."

"அவரு பின்கழுத்தத் தடவுனாருங்களே. பொய் சொல்றப்ப தடவுவாரு. உங்க பழக்கந்தானே எங்கிட்ட இருக்குது." கோகிலவாணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அது மட்டும் இல்லீங்க. சொன்னா வருத்தப்படக் கூடாது. அந்த வாசல்ல ஒருத்தி வந்து நிக்கறதும், அவரு அப்பிடிச் சொல்றதும், அவ அந்தச் சந்துக்குள்ள போறதும்... எல்லாமே எனக்குப் பழகுனதா இருந்துதுங்க."

டெல்பினுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அப்போ நான் முன்னாடியும்..."

"நெறைய தடவ வந்திருக்கீங்க. வெள்ளச் சட்டையும் உங்களுக்குத் தெரியும், மீனும் தெரியும், ரத்தக்கொதிப்புப் பொய்யுந் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். பழகிப்போச்சுங்க உங்களுக்கு. அந்தப் பழக்கத்தையும் சேத்துத்தான் எங்களுக்கு எரவல் குடுக்கறீங்க. அதனாலதான் குடுத்தப்பறம் உங்களுக்கு வலிக்குது."

கோகிலவாணி குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள். "எங்க வீட்டுக்காரரு போனதும் வீட்ட வித்துப்போட்டுக் கப்பல்லயே ரூம்பு எடுத்துட்டனுங்க. ஒரு நாளாச்சும் சொந்த வீட்ல இருக்கற மாதிரி இருக்கோணும்னுதான் உங்க ஊர்ல எறங்குனேன். இருந்துதுங்க. அவரு பொய் சொல்றாருன்னு நல்லாத் தெரிஞ்சுது. வாசல்ல நிக்கறவ கண்ணுல தண்ணி நிக்கறதும் தெரிஞ்சுது. எனக்குக் கோவமே வரல. போயி ரசத்த எடுத்துட்டு வந்து ஊத்துனேன். வீட்ல இருக்கறதுன்னா இதானுங்களா? எனக்குப் பயமா இருக்குது. சீக்கிரம் வாங்கிக்குங்க."

கருவியை இயக்கும் ஆள் கூப்பிட்டார். டெல்பின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்டாள்: "எல்லாத்தையும் குடுங்க. வீட்டுக்காரரப் பத்துன பழக்கம் மட்டும் வேண்டாம். பிரிக்க முடியுமா?"

"அதெப்டிம்மா முடியும்? குழம்புல இருந்து புளிய மட்டும் எடுக்கச் சொல்லுதிய." அவருக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது தெரிந்தது. "ஒக்காருங்க. நீங்க வாங்கலன்னா இந்தம்மா கப்பல் ஏற முடியாது. தெருவோட பழக்கத்தக் கடல் தாண்டிக் கொண்டுபோவக் கூடாது."

வாங்காமல் போனால் என்ன? டெல்பின் உண்மையாகவே யோசித்தாள். கண் திறந்திருக்கும், கோபம் இருக்கும். ஆனால் உலகத்தில் எந்தக் கதவும் தெரிந்த கதவாக இருக்காது. இந்தப் பெண்ணும் பாவம், யாரோ ஒருத்தியின் புருஷனுக்குப் புளி குறைத்துக் குழம்பு வைத்துக்கொண்டு இங்கேயே கிடக்க வேண்டும். வீடும் இடிபடும். இடிந்த வீட்டின் மீது நின்றுகொண்டு யாரிடம் எதைக் கேட்பது?

'கேக்கணும், கேக்கணும்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். தாடைக்குக் கீழே வார் பூட்டிக்கொண்டது. கிண்ணம் முனகியது.

எழுந்தபோது எதுவும் மறந்திருக்கவில்லை. கொடுமை அதுதான். வாசல், வெள்ளைச் சட்டை, மீன் துண்டு, பின்கழுத்தைத் தடவிய கை, எல்லாம் பளிச்சென்று நினைவிருந்தது. போன கப்பலும் அதற்கு முந்தைய கப்பலும் நினைவிருந்தன. கேட்க வேண்டிய கேள்விகள்கூட வரிசை மாறாமல் இருந்தன. ஆனால் அவற்றில் புதிதாக ஒன்றும் இல்லை. சுவரின் உப்பரிப்பு மாதிரி, மூடாத சாக்கடை மாதிரி அதுவும் வீட்டில் ஒன்று. பக்கத்தில் ஸ்டெல்லா எழுந்து தலைமுடியைக் கோதிக்கொண்டு, "என்னட்டி, போலாமா?" என்றாள். கண்ணில் அந்த இரக்கம் இருந்தது, வழக்கம்போல அதைப் பேச்சால் மூடினாள்.

கோகிலவாணி வெளியூர்க்காரியின் மரியாதைச் சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள். "ரொம்ப நல்ல தெருங்க உங்களுது. ரொம்ப நிம்மதியா இருந்துச்சு" என்றாள். ஏன் பயந்தோம் என்பது இப்போது அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அடுத்து கொச்சியில் எந்தத் தெரு கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே கப்பலை நோக்கிப் போனாள்.

துறைமுக வாசலில் இன்னாசி நின்றிருந்தார். பழைய கட்டம்போட்ட சட்டை. இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். ஒவ்வொரு கப்பலுக்கும் இப்படித்தான் வந்து நிற்பார், திட்டு விழும் என்று எதிர்பார்ப்பார். இருவரும் நடந்தார்கள். ஐஸ் கம்பெனிச் சுவர் ஓரமாக வந்தபோது டெல்பின் நின்றாள்.

"ஒன்னு சொல்லுதேன், கேளுங்க."

இன்னாசி தலை குனிந்து நின்றார்.

"அடுத்த கப்பலுக்கும் நான் வந்து நின்னேன்னா, வழி தெரியாம வந்தவன்னு சொல்லாதிய. வழி தெரியாதவ அடுத்த வீட்டு அடுக்களைய எட்டியா பாப்பா? கேக்கிறவுகளுக்குச் சந்தேகம் வந்துரும். ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தவ, வீடு மாறி வந்துட்டான்னு சொல்லுங்க. அதுதான் நம்புற மாதிரி இருக்கும்."

"சரி" என்றார் இன்னாசி.